மே/பா: உள்ளங்கைக் கணினி

மலையகத் தோட்டமொன்றின் லயத்துக்குக் கடிதம் எழுதியவர்களுக்கு ‘மே/பா’ பழக்கமானது. மேற்பார்வை என்பதன் சுருக்கம். லயத்தின் ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு குடும்பம் இருக்கும். ஆனால் காம்பராவுக்கென்று தனி முகவரி கிடையாது. பெயரை எழுதி, கீழே மே/பா போட்டு, தோட்டத்தின் பெயரையோ பக்கத்துக் கடையின் பெயரையோ எழுத வேண்டும். தபாலுக்குத் தெரிந்தது அந்த ஓர் இடம்தான். அதற்குப் பிறகு எந்த லயம், எத்தனையாவது காம்பரா என்பதெல்லாம் உள்ளே இருக்கும் யாரோ ஒருவருடைய ஞாபகம். அந்த ஆள் லீவில் போனால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். நேர்முகத் தேர்வு முடிந்து ஒரு கிழமை கழித்து அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதையை மலையகத்தில் எந்த ஊரிலும் கேட்கலாம்.

இணையத்திலும் ஒரு மே/பா உண்டு. நம் வீட்டுக் கணினி அனுப்பும் எந்தக் கேள்வியும் அநேகமாக அதன் சொந்தப் பெயரில் வெளியே போவதில்லை. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒரு சின்ன வேலை செய்து பார்க்கலாம். வயர்லெஸ்ஸில் வரும் ஒரே ஓர் இணைப்பை, உள்ளங்கையில் அடங்கும் கணினி ஒன்றில் வாங்கி, ஈதர்நெட் கம்பி வழியாக மற்றக் கணினிகளுக்குக் கொடுப்பது. இந்த வேலைக்கு லக்கல போன்ற ஊர் நல்ல களம்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக லக்கலவுக்குப் போகும் பாதை நக்கிள்ஸ் மலைத்தொடரை ஏறிக் கடக்கிறது. மடக்கிய கையின் கணுக்கள் மாதிரி இருக்கிறதென்று வெள்ளைக்காரர் வைத்த பெயர் அது. சிங்களத்தில் தும்பர மலைத்தொடர். ரிவர்ஸ்டன் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று மேகத்துக்குள் மறைந்தும் தெரிந்தும் நிற்கிறது. இந்த மாதிரிப் பாதையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தால், ஒரு வளைவில் சிக்னல் கோடு நாலாக ஏறும். அடுத்த வளைவில் ஒன்றுமே இருக்காது. 1800 மெகாஹெர்ட்ஸில் வரும் போன் அலையின் நீளம் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர்தான். அவ்வளவு குட்டையான அலை ஒரு மலையைச் சுற்றி வளைந்து வராது. மழையில் நனைந்த இலைகள் வேறு அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஆகவே ஒரே வளவுக்குள்ளும் சிக்னல் ஓரிடத்தில்தான் நிற்கும்: மேல் ஜன்னலோரம், அல்லது கொட்டகையின் கூரை விளிம்பு. கணினிகளோ வேறிடத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் வரிசையாக நிற்கும் பழைய டெஸ்க்டொப்புகள் பலவற்றில் வைஃபையே கிடையாது. பின்பக்கம் ஒரு கம்பித் துளை மட்டும் இருக்கும்.

சிக்னலைத் தேடிக் கணினியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. போனைத் தூக்கிக்கொண்டு போகலாம். 2021இல், கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, ஊவாவின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறிப்போய்ப் பாடம் படித்ததை உலகப் பத்திரிகைகள் படத்தோடு போட்டன. ஓரிடத்தில் வந்து நிற்கும் இணைப்பை நாலு பேர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவது எப்படி? இந்தக் கேள்விக்கு நம் மலைநாடு இருபது வருடங்களுக்கு முன்பே ஒரு விடை கண்டிருந்தது.

அது கொத்மலையில். மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் எழுந்தபோது ஊர்கள் நீருக்குள் போயின, மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அந்த மக்களுக்காக இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் 1989இல் கொத்மலை சமுதாய வானொலி தொடங்கியது. பத்து வருடங்கள் கழித்து, யுனெஸ்கோவின் துணையோடு அந்த வானொலி நிலையத்துக்கு இணையம் வந்தது. காற்று வழியாக ஓர் இணைப்பு, வேகம் நொடிக்கு 64 கிலோபிட். இன்று போனில் எடுக்கும் 3 மெகாபைட் படம் ஒன்று அந்த வழியாக வர ஆறு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அந்த நூலிழையைத்தான் சுற்றிலுமுள்ள கிராமங்களெல்லாம் பகிர்ந்துகொண்டன. கேட்பவர்கள் தங்கள் கேள்வியைக் கடிதமாக எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் அதை இணையத்தில் தேடி, கிடைத்ததை ஊர்மொழியில் ஒலிபரப்பில் சொல்வார். கணினியையே பார்த்திராத ஒருவர் கேட்ட கேள்விக்கு இணையம் பதில் சொன்னது. வெளியே இருந்த எந்த இணையத்தளத்துக்கும் அந்தக் கிராமத்தவரைத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கொத்மலையில் கேட்கும் ஒரு கணினி. யார் கேட்டார் என்பது அறிவிப்பாளரின் கையிலிருந்த கடிதத்தில் இருந்தது.

அந்த அறிவிப்பாளர் செய்த வேலையைத்தான் உள்ளங்கைக் கணினியும் செய்யப்போகிறது.

ராஸ்பெரி பை என்பது அதன் பெயர். பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜில், பிள்ளைகள் கணினியின் உள்ளே கைவைத்துக் கற்கட்டும் என்று எபன் அப்டனும் நண்பர்களும் உருவாக்கியது. 2012 பெப்ரவரி 29இல், 35 டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. அளவில் ஒரு வங்கி அட்டை; உறை கிடையாது; பச்சைப் பலகையில் சில்லுகள் வெறுமையாகத் தெரியும். 2016இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்து வைஃபை அதன் உடம்பிலேயே இருக்கிறது. பக்கவாட்டில் ஓர் ஈதர்நெட் துளை. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் கம்பி: நமக்கு வேண்டிய இரண்டு வாசலும் உள்ள வீடு.

இரண்டு வாசலையும் திறந்துவிட்டால் காற்றுப் போல எல்லாம் தானாகப் போய் வராதா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். லினக்ஸில் இரண்டு இணைப்புகளைப் பாலம் போட்டு ஒன்றாக்கும் வசதி இருக்கிறது. இரண்டு கம்பி இணைப்புகளுக்கு நடுவே அது அழகாக வேலை செய்யும். வைஃபையோடு போட்டால் ஒன்றும் நடக்காது. கம்பித் துளையின் சின்ன விளக்கு மட்டும் ஏமாற்றுவதுபோல் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

காரணம் வைஃபையின் கடித உறையில் இருக்கிறது. ஈதர்நெட் உறையில் இரண்டு முகவரி: அனுப்புபவர், பெறுபவர். யார் கையால் வந்தது என்று கம்பி கேட்பதில்லை. வைஃபையில் எல்லாக் கடிதமும் நடுவிலிருக்கும் ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே வழக்கமான உறையில் மூன்று முகவரி: கொண்டுபோகும் ரவுட்டர், கொடுத்த ஆள், கடைசியில் பெறுபவர். ‘கொடுத்த ஆள்’ என்ற அந்த ஒரு கட்டத்தில்தான் சிக்கல். கடிதத்தை எழுதியவரும் கையில் கொடுத்தவரும் ஒரே ஆள் என்று வைஃபை எடுத்துக்கொள்கிறது. கொடுத்தவருக்குப் பின்னால் வேறொருவர் நிற்கலாம் என்பதற்கு அந்த உறையில் இடமில்லை. பின்னால் இருக்கும் டெஸ்க்டொப்பின் முகவரியை அதில் எழுதினால், ‘இப்படி ஒரு ஆள் என்னிடம் பதிந்ததே இல்லையே’ என்று ரவுட்டர் கடிதத்தை எறிந்துவிடும். நான்காவது முகவரிக்கும் இடம்வைத்த உறை ஒன்று வைஃபையில் உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும், சாதாரண வீட்டு ரவுட்டரோ போனோ ஒத்துக்கொள்வது அரிது.

வைஃபை உறையில் மே/பா கோடு இல்லை. அப்படியானால் மிஞ்சியிருக்கும் வழி ஒன்றுதான்: எல்லாக் கடிதத்தையும் சின்னக் கணினி தன் பெயரிலேயே அனுப்ப வேண்டும். யாருடையது என்ற கணக்கைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முதல் படி வேடிக்கையானது. லினக்ஸ் இயங்கும் எந்தக் கணினியின் உள்ளேயும் ‘ஐபி ஃபார்வர்ட்’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதில் வழக்கமாக இருப்பது ஒரே ஓர் இலக்கம்: 0. எனக்கு வந்ததை நான் படிப்பேன், மற்றவருடையது எனக்கு வேண்டாம் என்று அதற்குப் பொருள். அந்த 0ஐ 1 ஆக்கினால் போதும். மற்றவருடைய கடிதத்தையும் (கணினி மொழியில் ‘பொதி’) வாங்கி அடுத்த கைக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். தனக்காக மட்டும் வாழ்ந்த கணினி அந்தக் கணமே ரவுட்டராகிவிடுகிறது.

இரண்டாவது, கம்பிப் பக்கத்தில் வந்து சேருபவர்களுக்கு இலக்கம் கொடுப்பது. புதிதாகச் செருகிய கணினி ‘எனக்கு யாராவது ஒரு முகவரி தாருங்கள்’ என்று கம்பி முழுக்கக் கூவும். சின்னக் கணினி தன் பட்டியலைப் பார்த்துக் காலியாக உள்ள ஒன்றைக் கொடுக்கும், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்கு வாடகைக்கு. இப்போதைய ராஸ்பெரி பையில் கம்பி இணைப்பின் அமைப்பில் ‘பகிர்’ என்று தெரிவு செய்தால், 10.42.0 என்று தொடங்கும் வரிசையில் இலக்கங்களைத் தானே வழங்கும். காற்றுப் பக்கம் ஒரு வரிசை, கம்பிப் பக்கம் வேறொரு வரிசையாக இருப்பது முக்கியம். இரண்டிலும் ஒரே வரிசை வந்துவிட்டால், ஒரே பெயரில் இரண்டு தெரு உள்ள ஊரில் மாட்டிய தபால்காரர் கதைதான்.

மூன்றாவது படி பெயர் மாற்றம். அதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். கணினி அறையில் ஒரு டெஸ்க்டொப்புக்கு 10.42.0.57 கிடைத்திருக்கிறது. பிள்ளை விக்கிப்பீடியாவின் ஒரு பக்கத்தைத் திறக்கிறாள். கேள்வி ஒரு பொதியாகக் கிளம்புகிறது. அதன் மேல் ‘அனுப்புபவர் 10.42.0.57, கதவு இலக்கம் 51514’ என்று எழுதியிருக்கும். சின்னக் கணினி அதை வாங்குகிறது. பழைய பெயரை அழித்து, வைஃபையில் தனக்குக் கிடைத்த 192.168.8.104 என்ற முகவரியை எழுதுகிறது. பொதி பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகை பெயர் மாறியதால் பிழைத்துவிடுமே. அதையும் திரும்பக் கணக்கிட்டு எழுதுகிறது. பிறகு தன் நினைவில் ஒரு வரி: ‘51514ஆம் கதவுக்கு வரும் பதில் 57ஆம் ஆளுடையது.’ பொதி காற்றில் ஏறிவிடுகிறது. பதில் வந்ததும் அந்த வரியைப் பார்த்து, பெயரைத் திருப்பி மாற்றிக் கம்பியில் இறக்குகிறது. இன்னொரு கணினியும் அதே கதவு இலக்கத்தோடு வந்தால் அதற்கு வேறு கதவு கொடுக்கும். கதவுகள் மொத்தம் 65,536 உண்டு. நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் வீடியோ ஓடும்போது, 1500 பைட் பொதிகளாக, நொடிக்கு 1,600க்கும் மேற்பட்ட உறைகளில் பெயர் மாறுகிறது. இவ்வளவையும் செய்யும் பலகைக்கு ஒரு சிறிய எல்இடி பல்பின் மின்சாரம் போதும்.

லினக்ஸில் இந்த வேலைக்கு ‘மாஸ்கரேட்’ என்று பெயர். மாறுவேடம் என்று பொருள். பொதுவாக இதை முகவரி பெயர்ப்பு என்பார்கள். இந்த யோசனை 1994இல் ஆவணமாக எழுதப்பட்டது. அப்போதே இணைய முகவரி தீர்ந்துபோகும் என்ற பயம் வந்துவிட்டது. பழைய முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான் சாத்தியம். உலகத்தில் தலைக்கு ஒன்றுகூட வராது. 1996இல் 10 என்றும் 192.168 என்றும் தொடங்கும் வரிசைகள் சிலவற்றை, ‘யாரும் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியே செல்லாது’ என்று ஒதுக்கிவைத்தார்கள். லயத்துக் காம்பரா இலக்கம் மாதிரி. ஒன்பதாம் காம்பரா எல்லாத் தோட்டத்திலும் உண்டு. தோட்டத்துக்கு வெளியே அதற்கு அர்த்தமில்லை.

எந்தக் கணக்கையும் எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. லினக்ஸின் வழக்கம் இது: முறையாகக் கைகுலுக்கித் தொடங்கிய ஓர் உரையாடல் பிறகு சும்மா கிடந்தாலும், அதன் வரியை 4,32,000 நொடி, அதாவது ஐந்து நாள், வைத்திருக்கும். கைகுலுக்காமல் எறியப்பட்ட ஒற்றைக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் 30 நொடியில் மறந்துவிடும். பேச்சுக் கொடுத்தவரை நாட்கணக்கில் நினைவில் வைத்து, எட்டிப்பார்த்துப் போனவரை உடனே மறக்கும் ஒரு கிராமத்துக் கடைக்காரரின் நியாயம்.

இனிக் கம்பிப் பக்கம். ஈதர்நெட் என்றால் கம்பி, வைஃபை என்றால் காற்று என்று இரண்டையும் எதிரெதிராக நினைக்கிறோம். ஈதர்நெட்டின் பிறப்பைப் பார்த்தால் அது காற்றிலிருந்து இறங்கி வந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன், தீவு தீவாகச் சிதறிய கல்லூரிகளுக்குக் கடலுக்கடியில் கம்பி போட முடியாமல், 1971இல் அலோஹாநெட் என்ற வானொலி வலையைக் கட்டினார். எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேசலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், சற்று நேரம் பொறுத்து மறுபடி பேச வேண்டும். கலிபோர்னியாவின் செரொக்ஸ் ஆய்வகத்தில் இருந்த பொப் மெட்காஃப் இந்த யோசனையை எடுத்து ஒரு கம்பிக்குள் போட்டார். 1973 மே 22இல் எழுதிய குறிப்பில் அதற்கு ஈதர் என்று பெயர் வைத்தார். ஒளி ஊர்ந்துசெல்ல வெளியெங்கும் நிரம்பியிருப்பதாகப் பழைய விஞ்ஞானிகள் நம்பிய பொருள் ஈதர். அப்படி ஒன்று இருப்பதற்கான தடயம் கிடைக்கவில்லை என்று 1887ஆம் ஆண்டுச் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் கம்பிக்குள் வந்து குடியேறியது. தீவுகளுக்கு நடுவே பிறந்த யோசனை, சுற்றிப் பயணம் செய்து, இன்னொரு தீவின் மலைச்சரிவில் மறுபடியும் காற்றோடு கைகோக்கிறது.

கம்பியை வெட்டிப் பார்த்தால் செம்மஞ்சள், பச்சை, நீலம், பழுப்பு என்று நாலு சோடி. ஒவ்வொரு சோடியும் கயிறுபோல முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கின் நெருக்கம் சோடிக்குச் சோடி வேறு. ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறும்போது அதன் சோடியில் இறங்கும். மறுமுனை இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டும் படிக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கிய இரண்டு கம்பியிலும் கிட்டத்தட்டச் சமமாக ஏறுவதால், வித்தியாசத்தில் அது அடிபட்டுப்போகும். இந்த எளிய தந்திரத்தால் சிக்னல் 100 மீற்றர் வரை கலங்காமல் வருகிறது. கூரை விளிம்பிலிருந்து கணினி அறைக்கு அது தாராளம். அதற்கேற்ற துணைப்பலகை இருந்தால், அதே கம்பியில் மின்சாரத்தையும் ஏற்றி மேலே இருக்கும் சின்னக் கணினியை ஓட்டலாம். கீழே எட்டுத் துளை சுவிட்ச் ஒன்று வைத்தால், மேலிருந்து வரும் கம்பிக்கு ஒரு துளை போக, ஏழு கணினிகளுக்கு இணைப்பு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: இந்த நாட்டில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மின்னல் அதிகம். வெளியே இழுத்த கம்பி மின்னலையும் வீட்டுக்குள் கூட்டிவரும். மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் நடுவே மின்னல் காப்பு வைக்க வேண்டும். இடி முழங்கத் தொடங்குமுன் கழற்றிவைப்பது அதைவிடப் பாதுகாப்பு.

இதே வேலையைக் கடையில் விற்கும் சில சிறிய ரவுட்டர்களும் செய்யும். ராஸ்பெரி பையின் ருசி, உள்ளே என்ன நடக்கிறதென்று அது மறைக்காமல் காட்டுவதில். இன்னொன்றும் உண்டு. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, விக்கிப்பீடியாவையே அதன் சேமிப்பு அட்டைக்குள் இறக்கிவைக்கலாம். சிக்னல் போன நாளிலும் கம்பிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது பதில் சொல்லும். கொத்மலை அறிவிப்பாளர் ஏற்கெனவே தேடிய விடையைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தால் எப்படியோ அப்படி.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். மே/பா முகவரியில் பதில் வரும். கேட்காத கடிதம் வராது. வெளியிலிருந்து யாராவது 10.42.0.57ஐத் தேடி வந்தால் சின்னக் கணினியின் கணக்கில் வரி இல்லை. வாசலோடு திரும்ப வேண்டியதுதான். இது ஒருவகைப் பாதுகாப்பு. ஆனால் உள்ளே இருப்பவர் வெளியாருக்கு நேரே பரிமாற ஏதேனும் வைத்திருந்தால் அதற்கு வழியில்லை. கேட்கலாம், கேட்கப்பட முடியாது. போதாக்குறைக்கு, மொபைல் நிறுவனங்களும் இதே முகவரிப் பஞ்சத்தால் தங்கள் வாடிக்கையாளர்களை மே/பாவில்தான் வைக்கின்றன. அதற்கென்றே 2012இல் 100.64 என்று தொடங்கும் ஒரு வரிசை ஒதுக்கப்பட்டது. ஆகவே அந்தப் பிள்ளையின் கேள்வி சின்னக் கணினியில் ஒருமுறை, அதற்கு வைஃபை கொடுக்கும் போனிலோ ரவுட்டரிலோ ஒருமுறை, நிறுவனத்தில் ஒருமுறை என்று மூன்று தரம் பெயர் மாறியே விக்கிப்பீடியாவை அடையக்கூடும். 128 பிட் நீளமுள்ள புதிய முகவரி முறை பரவினால் ஒவ்வொரு கணினிக்கும் சொந்தப் பெயர் கிடைக்கும். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா முகவரி கேட்பவர்களுக்கு இந்த நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

லக்கலவுக்கே திரும்புவோம். களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018இல் நீர் நிரம்பியபோது, கொத்மலையைப் போலவே, பழைய லக்கலவும் இடம்பெயர்ந்தது. இன்றுள்ள லக்கல நகரம் புதிதாகக் கட்டப்பட்டது. புதுத் தெருவில் பழைய ஆட்களைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது அந்த ஊருக்குத் தெரியும்.

சின்னக் கணினிக்கும் அந்தச் சிரமம் வரும். ஒரு நாள் அதற்கு மட்டும் கரண்ட் போகட்டும். ஒரு நிமிடத்தில் திரும்பி வரும். கம்பி அதே இடத்தில் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, அமைப்புகளெல்லாம் அட்டையில் பத்திரம். போனது நினைவில் இருந்த அந்தப் பட்டியல் மட்டும்தான். கரண்ட் போகுமுன் கேட்ட கேள்விகளின் பதில்கள் இப்போதும் வந்துகொண்டிருக்கும். உறையில் பெயர் சரி, முகவரி சரி. சின்னக் கணினி வாங்கிப் பார்க்கும். எந்தக் காம்பராவுக்கென்று தெரியாது. ‘இது நான் கேட்டதில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடும். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை மறுபடி ஒருமுறை கேட்பாள். பட்டியலில் முதல் வரி விழும்.